ஐஸ் அண்ணையின் மயில் முட்டைகள்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுதினால் நான் செய்த ஒரு மோட்டு வேலை ஊருக்குத் தெரிந்துவிடும். அதோடு எனக்கும் எழுத்துக்கும் அவ்வளவு சரிவராது, ஓ.எல். சோதனை இரண்டு தரம் எடுத்தேன், இரண்டு தரமும் அது என்னைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஆனால் போன கிழமை முழுக்க மழை. பட்டாவுக்கு ஓட்டம் இல்லை. பட்டா என்பது நாங்கள் சாமான் ஏற்றுகிற குட்டி லொறி. அதற்குள் குந்தியிருந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பேனை ஒன்று கையில் அகப்பட்டுவிட்டது. குற்றத்தை மழையின் தலையில் போடுங்கள்.

முதலில் பெரிதாக ஒன்று சொல்லிவிடுகிறேன். பருத்தித்துறை தொடக்கம் ஆனையிறவு வரை சல்லடை போட்டு அரித்தாலும், ஊரையெல்லாம் குளிரப் பண்ணிவிட்டுப் பாம்புக்குச் சூடு தேடி அலைந்த மனுசன் ஒருவரைத்தான் காண்பீர்கள்.

அவர்தான் கோப்பாய் ஐஸ் அண்ணை. பிறிஜ் திருத்துகிறவர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கல்யாண அட்டையில் அச்சடித்த பிறகு அதை ஒருவரும் பாவிக்கவில்லை. அவருடைய மனைவி மலரக்காகூட 'இஞ்சருங்கோ' என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு கொட்டில். இரண்டு பக்கமும் பழைய பிறிஜ்கள், காலைப் பிரார்த்தனைக்கு நிற்கிற பிள்ளைகள் போல வரிசையாக நிற்கும். நடுவே சீமெந்து நிலத்தில் ரீச்சர் படுத்திருப்பாள்.

ரீச்சர் ஒரு மலைப்பாம்பு. பழைய ஆட்கள் வெங்கிணாந்தி என்பார்கள். பன்னிரண்டடி நீளம், என் தொடைத் தடிப்பு. அடிக்கமாட்டாள், அதட்டமாட்டாள், இமைக்காமல் பார்ப்பாள், அவ்வளவுதான். எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்குப் படிப்பித்தவரும் அதைத்தான் செய்தார். அதனால் முதல்முறை அந்தக் கொட்டிலுக்குள் போனபோது, ஐஸ் அண்ணை அவள் பெயரைச் சொல்லுமுன்பே நான் எழும்பி நின்றுவிட்டேன்.

அவள் வந்தது வன்னியில் இருந்து. பிறிஜ் திருத்தப் போன இடத்தில், வயல் வெட்டுகிற மெசினில் அடிபட்டுக் கிடந்தவளை ஐஸ் அண்ணை அட்டைப் பெட்டியில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பக்கத்தில் இருந்தவர் என்ன சாமான் என்று கேட்டதற்கு, "சுகமில்லாத ஆள், சத்தம் போடாதேங்கோ" என்றாராம். பிறகு அதிகாரி ஒருவர் வந்து பார்த்து, காயம் ஆறியதும் காட்டில் விடச் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் காயம் பதின்மூன்று வருடமாக ஆறிக்கொண்டிருந்தது.

அவளுக்குத் துணை, கிளாக்கர். யாரோ ஒருவருடைய வெங்காயத் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து கிடந்த ஆண். எட்டடி இருப்பான். அரசாங்கக் கிளாக்கர்மார் மாதிரி வருடம் முழுக்க நித்திரை. அதனால்தான் அந்தப் பெயர். ஊரே திருவெம்பாவைக்கு விடிய எழும்பிச் சங்கு ஊதிக்கொண்டு போகிற மார்கழியில்தான் அவனுக்கு மற்ற யோசனைகள் வரும்.

கொஞ்ச நாளில் சனம் வரத் தொடங்கியது. நாகதம்பிரானே வந்து படுத்திருக்கிறார் என்று செம்பு செம்பாகப் பால் கொண்டுவந்து கொட்டில் வாசலில் வைத்தார்கள். ரீச்சர் எலிக்கும் கோழிக்கும் வாய் திறக்கிறவள், பாலைத் திரும்பியும் பார்க்கமாட்டாள். மலரக்கா அந்தப் பாலை எடுத்துக்கொண்டு போய், கும்பிட வந்தவர்களுக்கே தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். "நாகதம்பிரான்ரை பிரசாதம், குடியுங்கோ" என்பார். குடித்துவிட்டு, கண்ணில் ஒற்றிக் கும்பிட்டுக்கொண்டு போவார்கள்.

ரீச்சர் தோல் கழற்றுகிற நாளில் அந்த வளவுக்கே ஒரு மயக்கம் பிடிக்கும். முழுத் தோலையும் மலரக்கா அலசி, சேலைகளுக்கு நடுவே கொடியில் காயப்போடுவார். சோளகக் காற்று வீசும்போது சேலைகள் படபடக்கும். அது மட்டும் சத்தமில்லாமல் மிதக்கும். வெயில் அதற்குள்ளால் வந்து நிலத்தில் செதில் செதிலாக விழும். ஒருநாள் நானும், எனக்கு வண்டியில் துணைக்கு வருகிற சுதனும் பிறிஜ் ஏற்ற வந்தோம். அதைப் பார்த்துக்கொண்டே அரை மணித்தியாலம் நின்றுவிட்டோம். சுதன் மெதுவாகச் சொன்னான்: "மச்சான், உதைக் கட்டிக்கொண்டு ஒரு பொம்பிளை வந்தால் நான் உடனை கலியாணம்." மலரக்கா குசினிக்குள் இருந்து, "அவளுக்குக் கிளாக்கர் இருக்கிறான், நீ வேறை இடம் பார்" என்றார்.

ஐஸ் அண்ணையிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. முதலாவது, பிறிஜ்ஜை ஒருநாளும் படுக்கப் போட்டுக் கொண்டுபோகக் கூடாது. ஒருமுறை நான் சோம்பலில் படுக்கப் போட்டுவிட்டேன். வண்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, நீ செத்தால் படு. பிறிஜ் செத்தாலும் நிண்டுதான் போகவேணும். உள்ளுக்கு எண்ணெய் இருக்கு, அது இடம் மாறினால் மோட்டர் போயிடும். விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு அண்ணை. அப்ப ரீச்சர் ஏன் படுத்திருக்கிறா?"

"அவ சேர்விசுக்கு வரேல்லை."

இரண்டாவது சட்டம், பொட்டு. திருத்தி முடித்த பிறிஜ்ஜின் நெற்றியில், அதாவது மேல் கதவில், மலரக்கா சந்தனமும் குங்குமமும் வைப்பார். பொட்டு இருந்தால் ஏற்றலாம், இல்லாவிட்டால் தொடக்கூடாது. ரசீது, துண்டு, ஒன்றும் கிடையாது. பொட்டுத்தான் கையெழுத்து. இந்தச் சட்டத்தை நான் ஒருநாளும் மீறவில்லை. வினையே அதனால்தான் வந்தது.

ரீச்சர் அந்த வினைக்கு முன் இரண்டு வருடம் முட்டை இட்டாள். மலைப்பாம்பு முட்டையைச் சுற்றிச் சுருண்டு, உடம்பை நடுக்கி நடுக்கிச் சூடு கொடுக்கும். குளிரில் நாங்கள் நடுங்குவது எங்களுக்காக. அது நடுங்குவது முட்டைக்காக. ஆனால் மெசின் அடித்த இடத்தில் ரீச்சருக்கு விலா எலும்பு கோணலாகப் பொருந்தியிருந்தது. அந்த இடம் வளையாது. எவ்வளவு இறுக்கிச் சுற்றினாலும் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி. இரண்டு தரமும் அந்த இடைவெளியால் சூடு போய், முட்டைகள் மஞ்சளாகி அழுகின. அப்போதும் அவள் நடுங்கிக்கொண்டே கிடந்தாளாம். ஐஸ் அண்ணை இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கமாட்டார், ஏதாவது ஒரு பிறிஜ்ஜைப் பார்ப்பார்.

மூன்றாம் தரம் பத்தொன்பது முட்டைகள். வாத்து முட்டையைவிடப் பெரிது, தோல் போல மெத்தென்று, ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய வெள்ளைக் குலையாக இருந்தன. "இந்த முறை விடமாட்டன்" என்றார் ஐஸ் அண்ணை. மோட்டர் கழற்றின ஒரு வெள்ளைப் பிறிஜ்ஜை எடுத்து, உள்ளே தும்புத்தூள் பரப்பி, ஒரு பல்ப் பூட்டி, குலையை அலுங்காமல் தூக்கி வைத்தார். பல்ப் எரிகிறதா என்று மணிக்கொரு தரம் பார்ப்பார். கரண்ட் போனால் சோடாப் போத்தல்களில் சுடுதண்ணி நிரப்பி அடுக்குவார். கனடாவில் இருக்கிற மகள் ரிக்கெற் அனுப்புகிறேன், வாருங்கள் என்றபோது, "பல்பை ஆர் பாக்கிறது பிள்ளை?" என்று கேட்டவர்.

அந்த இரண்டு மாதமும் கொட்டிலுக்குள் கதைக்கவே மனம் வராது. ஓட்டம் இல்லாத மத்தியானங்களில் நான் அங்கே போய் இருப்பேன். வெளியே பனை ஓலைச் சத்தம். உள்ளே ரீச்சர் வெறும் நிலத்தைச் சுற்றிச் சுருண்டுகொண்டு, முட்டை இல்லாமலே மெல்ல நடுங்குவாள். அந்த நடுக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் சொருகும். பலமுறை பன்னிரண்டடிப் பாம்புக்குப் பக்கத்தில் நித்திரையாகி விழுந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்திலும் அதையேதான் செய்தேன்.

இனி என் மோட்டு வேலை.

உடுப்பிட்டியில் ஒரு மாமி. சொந்தமில்லை, எல்லோருக்கும் மாமி. புதுவீடு கட்டி, ஒரு வெள்ளிக்கிழமை குடிபூரல் வைத்திருந்தார். அவருடைய பிறிஜ் ஐஸ் அண்ணையிடம் திருத்தக் கிடந்தது. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கும், அதற்கு முன் பிறிஜ் வாசல் தாண்டவேண்டும் என்று விடியவிடிய எனக்குப் போன் மேல் போன்.

நாங்கள் போனபோது ஐஸ் அண்ணை இல்லை. மாற்றுப் பல்ப் வாங்கச் சந்திக்குப் போயிருந்தார். மலரக்கா கனடாவோடு போனில் இருந்தார்; உள்ளே போ என்று கையால் காட்டினார். கொட்டிலில் இரண்டு வெள்ளைப் பிறிஜ்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றின் நெற்றி வெறும். மற்றதில் ஈரம் காயாத சந்தனப் பொட்டு.

எது முட்டை இருக்கிற பிறிஜ் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அது எப்போதும் மூலையில் நிற்பது. அன்று விடிய மூலைக் கூரை ஒழுகியதால் ஐஸ் அண்ணை அதை நகர்த்தி வைத்தது தெரியாது. முட்டைகளில் நெளிவு விழுந்துவிட்டது, பொரிக்கப் போகிறது என்று அவர் சொன்னதைக் கேட்டு, மலரக்கா குளித்துவிட்டு வந்து நல்லபடி நடக்கட்டும் என்று அதன் நெற்றியில் பொட்டு வைத்ததும் தெரியாது. மாமியின் பிறிஜ்ஜுக்குப் பொட்டு வைக்கத் திரும்பும்போதுதான் கனடா கூப்பிட்டிருக்கிறது.

பிளக்கைக் கழற்றினேன். கதவைக் கயிற்றால் கட்டினேன். தூக்கும்போது சுதன், "மச்சான், இது பாரமே இல்லை" என்றான்.

"அண்ணை திருத்தினால் அப்பிடித்தான். வியாதி முழுக்க இறங்கிடும்."

நிற்க வைத்தே கொண்டுபோனோம். பத்து இருபதுக்கு மாமி வீட்டு வாசல் தாண்டியது. ஆரத்தி எடுத்தார்கள். நாங்கள் பெருமையோடு திரும்பி, நெல்லியடியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வடைக்கு இருந்தோம். போன் அடித்தது.

"தம்பி, நீ பிறிஜ் கொண்டுவந்தனியோ, மச்சக்கடை கொண்டுவந்தனியோ?"

"என்ன மாமி?"

"பால் செம்பு வைப்பம் எண்டு திறந்தால் உள்ளுக்கு முட்டை! ஒண்டு ரெண்டில்லை, ஒரு குலை! குடிபூரல் வீட்டுக்கை, ஐயர் நிக்கேக்கை, முட்டை! ஒரு கருவாட்டு மணம் தெரியாத வீடடா எங்கடை! பின்வளவிலை கிடங்கு வெட்டச் சொல்லிப்போட்டன். கொத்திப் புதைக்கப்போறாங்கள்."

வடை வாய்க்குள் நின்றுவிட்டது. பாம்பு முட்டை என்று சொன்னால் கிடங்கோடு மண்ணெண்ணெயும் வரும். ரீச்சர் வெறும் நிலத்தைச் சுற்றி நடுங்கிக்கொண்டிருந்தது கண்ணுக்கு முன்னால் வந்தது. என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"மாமி, தொடாதேங்கோ! அது மயில் முட்டை!"

"மயிலோ?"

"ஓம் மாமி. முருகன்ரை மயில்."

"அப்பனே முருகா! டேய், கிடங்கை மூடுங்கோடா!"

அடுத்து ஐஸ் அண்ணைக்கு எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்று காதைத் தள்ளிப் பிடித்தேன். ஒரு கேள்விதான் வந்தது.

"படுக்கப் போட்டுக் கொண்டு போனியோ?"

"இல்லை அண்ணை. நிக்க வைச்சுத்தான்."

"உண்மையாவோ?"

"ரீச்சர் மேலை சத்தியம்."

"வாறன். வரும்வரை ஒருத்தரையும் தொடவிடாதை."

நாங்கள் பறந்து போனோம். அங்கே பிறிஜ் கதவு அகலத் திறந்திருந்தது. முன்னால் குத்துவிளக்கு. முட்டைக் குலைக்கு மேல் பட்டுச் சால்வை. ஐயர் பால் செம்போடு நின்றார், முட்டைக்கு அபிஷேகமாம்.

"ஐயா, இப்ப மணி என்ன?" என்று கேட்டேன்.

"பத்து ஐம்பது."

"அப்ப ராகுகாலம் எல்லோ? பன்னிரண்டு மணிவரைக்கும் ஒண்டும் செய்யப்படாதே!"

ஐயர் செம்பைக் கீழே வைத்தார். ராகுவுக்கு நான் வாழ்க்கையில் நன்றி சொன்னது அன்றுதான்.

ஆனால் மாமியின் மனுசன் இலேசில் விடுகிறவர் இல்லை. குலையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"தம்பி, ஒரு மயில் இவ்வளவு இடுமோ?"

"ரெண்டு மயில், மாமா."

"ஏன் எல்லாம் ஒட்டியிருக்கு?"

சுதன் கைகட்டி, பக்தியோடு சொன்னான்: "அதுகள் ஒற்றுமையான குடும்பம், மாமா."

அந்த நேரம் மோட்டார் சைக்கிள் சத்தம். ஐஸ் அண்ணை. பின்னால் மலரக்கா, ஒரு கையில் பல்ப், மறுகையில் சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில் சுற்றிக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு. ஐஸ் அண்ணை ஒருவரையும் பார்க்கவில்லை. நேரே வந்து முழங்காலில் இருந்தார். சால்வையை விலக்கி, புறங்கையை முட்டைகளில் வைத்தார். கண்ணை மூடினார். வீடு முழுக்கப் புதுப் பெயின்ற் மணம், சாம்பிராணி மணம், அடுப்பில் பொங்கல் கொதிக்கிற சத்தம்.

மேல் முட்டை ஒன்றில் மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. பிளேட்டால் கீறினது போல. கோடு விரிந்தது. அதற்குள்ளால் என் பெருவிரல் நுனி அளவு ஒரு மூக்கு வந்தது. பிறகு இரண்டு கண்.

"மயிலுக்குச் சொண்டு இல்லையே?" என்றார் மாமி.

நான் வாயைத் திறந்தேன். ஐஸ் அண்ணை கையைக் காட்டி நிறுத்தினார்.

"அம்மா, மயில் இல்லை. மலைப்பாம்பு. என்ரை வீட்டிலை இருக்கிறதின்ரை முட்டை. பெடியன் பயத்திலை பொய் சொல்லிப்போட்டான். மன்னிக்கவேணும்."

ஐயர் பால் செம்பை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். மாமியின் மனுசன் கதிரையில் ஏறினார்.

மலரக்கா, "நான் பொட்டு வைச்சதாலை வந்த வினை அம்மா" என்று அழத் தொடங்கினார்.

"இப்ப அசைச்சால் செத்துப்போம்" என்றார் ஐஸ் அண்ணை. யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனுசனுடைய குரல் அது, கோணலாக வந்தது. "ரெண்டு நாள் தாங்கோ அம்மா. நான் இதுக்கு முன்னாலை கிடக்கிறன். ஒண்டு வெளியிலை வந்தாலும் என்னைத் தாண்டித்தான் வரவேணும். பதின்மூண்டு வருசம்... அவ ரெண்டு தரம் நடுங்கி நடுங்கி..."

மாமி முட்டையைப் பார்த்தார். அந்த மூக்கு மாமியைப் பார்த்தது. இருவரும் இமைக்கவில்லை. பிறகு மாமி, சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைத் திரும்பிப் பார்த்தார். வேல், மயில், மயிலின் காலடியில் பாம்பு.

"மயில் பிந்துது போலை" என்றார் மாமி. "அதின்ரை காலுக்கை கிடக்கிறவர் முந்தி வந்திட்டார். சரி, இருக்கட்டும். இஞ்சருங்கோ, கதிரையாலை இறங்குங்கோ. வந்த ஆக்களுக்கு இலை போடவேணும்."

ஐஸ் அண்ணை எழும்பவில்லை. பல்பைப் பூட்டிவிட்டு, பிளக்கைப் போடச் சொல்லி எனக்குக் கையை நீட்டினார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். ஏசவில்லை. "நிக்க வைச்சுக் கொண்டுவந்தாய் தம்பி. அது காணும்" என்றார். அவர் ஏசியிருந்தால் நான் ஏதாவது பகிடி சொல்லிச் சமாளித்திருப்பேன்.

அன்று பின்னேரம் வரை குடிபூரலுக்கு வந்த சனம் ஒன்றும் வீடு பார்க்கவில்லை. பிறிஜ்ஜுக்கு முன்னால் பாய் போட்டு இருந்தார்கள். அரை மணிக்கொரு தரம் ஒரு கோடு விழும். ஒரு மூக்கு வரும். வந்து, சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்றுக்கும் அவசரமில்லை. பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் அவசரம் போய்விட்டது. பொங்கல் இலையில் ஆறியது. சன்னல் வெயில் நகர்ந்து நகர்ந்து மாமியின் மடிக்கு வந்தது. புதுவீட்டில் முதல் நித்திரை கொண்டது பாம்புக்குஞ்சுகளும், அவற்றுக்கு முன்னால் கையைத் தலைக்கு வைத்துப் படுத்த ஐஸ் அண்ணையும்தான்.

பதினேழு பொரித்தன. இரண்டு பொரிக்கவில்லை. அவற்றை ஐஸ் அண்ணை பின்வளவுக்குக் கொண்டுபோய், பாதி வெட்டிவிட்டிருந்த அதே கிடங்கில் வைத்து மூடினார்.

மூன்றாம் நாள் மாமியின் உண்மையான பிறிஜ்ஜை, பொட்டோடு, கொண்டுபோய் இறக்கினேன். மாமி கதவைத் திறந்து பார்த்தார். தட்டுத் தட்டாகப் பார்த்தார். "ஒண்டும் இல்லையோ?" என்றார்.

குஞ்சுகள் முதல் தோல் கழற்றி, முதல் எலிக்குஞ்சு விழுங்கும்வரை ஐஸ் அண்ணை வைத்திருந்தார். பிறகு ஒரு காலையில், அதிகாரி காட்டிய வன்னிக் காட்டு ஓரத்துக்கு நான்தான் சுதனோடு பட்டாவில் ஐஸ் அண்ணையையும் குஞ்சுகளையும் ஏற்றிக்கொண்டு போனேன். ஒவ்வொன்றாக இலைச்சருகில் இறக்கினார். இறக்கினதும் அது காணாமல் போகும். சருகுக்கும் குஞ்சுக்கும் நிறத்தில் வித்தியாசமில்லை. கடைசிக் குஞ்சு அவருடைய மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு இறங்க மறுத்தது. அவர் அதை இழுக்கவில்லை. கையை நிலத்தில் வைத்துக் குந்தியிருந்தார். எவ்வளவு நேரமோ தெரியாது. மரங்களுக்குள்ளால் வந்த வெளிச்சம் நிறம் மாறிவிட்டது. பிறகு கை வெறுமையாக இருந்தது. அது எப்போது போனது என்று எங்கள் மூவரில் ஒருவரும் காணவில்லை.

திரும்பி வரும்போது அவர் எனக்கும் சுதனுக்கும் நடுவே இருந்தார். ஆனையிறவுக்கு வர, சுதனுடைய தோளில் தலை சாய்ந்து நித்திரையாகிவிட்டார். இரண்டு பக்கமும் கடல்நீர் வெள்ளித் தகடாகக் கிடந்தது. நான் சைக்கிளைவிட மெதுவாக ஓட்டினேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹோன் அடித்து, எட்டிப் பார்த்து, என் பரம்பரையை விசாரித்துக்கொண்டு முந்திப் போனான்.

சுதன் என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"எஞ்சின் இழுக்குதில்லையடா" என்றேன்.

அவன் தோளை அசைக்காமல், வாயால் மட்டும் சொன்னான்: "மெல்லவே ஓட்டடா, ஒரு முட்டை இன்னும் உள்ளைதான் இருக்கு."